ஒரு ஊருக்கு எட்டு முகவரி

ஆடி அமாவாசை நெருங்க நெருங்க மட்டக்களப்பின் அமிர்தகழியை இணையத்தில் தேடுவோர் கூடிவிடுவர். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் கொடியேற்றம் என்றைக்கு, தீர்த்தம் எத்தனை மணிக்கு, நேரலை எங்கே வரும் என்று கேட்பவர்களில் பலர் மட்டக்களப்பில் இல்லை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது அநேகமாக யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த காணொளி, போன வருடத்துச் செய்தி, இல்லையென்றால் ஒரு முகநூல் பதிவு. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கோயில், பள்ளிக்கூடம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று பலரும் ஆசையோடு தளம் திறக்கிறார்கள். தேடலில் அவை முன்னுக்கு வருவது அபூர்வம். ஏன் என்று கேட்டால், "எஸ்இஓ செய்யவில்லை", அதாவது தேடுபொறிக்கேற்பத் தளத்தைச் சீர்செய்யவில்லை, என்று ஒற்றை வரியில் பதில் வரும். அந்த வரிக்குள் நூறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் காசு செலவில்லாததும், ஆனால் எல்லோரும் விட்டுவிடுவதுமான ஒன்று, தளத்துக்கு ஒரே முகவரி வடிவத்தைத் தேர்ந்து அதிலேயே நிற்பது.

மாமாங்கம் டொட் எல்கே என்று ஒரு பெயரை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். அதை எச்டிடிபி என்றும் எச்டிடிபிஎஸ் என்றும் தொடங்கலாம். முன்னால் மூன்று டபிள்யூ போடலாம், போடாமலும் விடலாம். பின்னால் இன்டெக்ஸ் டொட் பிஎச்பி ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். முகப்புப் பக்கம் ஒன்றுக்கே எட்டு முகவரி ஆகிவிட்டது. உட்பக்கங்களில் கடைசிச் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் வேறு வேறு முகவரிகள். டொமைன் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் பாதையில் அவை வேறு. முகப்பில் வெறும் டொமைன் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசமில்லை, உள்ளே போனால் உண்டு. கண்ணுக்கு ஒரே பக்கம், இயந்திரத்துக்கு எட்டுப் பக்கம்.

இந்தக் குழப்பத்தை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. சேர்ன் ஆய்வுகூடத்தில் பிறந்த உலகின் முதல் வலைத்தள முகவரியில் மூன்று டபிள்யூ கிடையாது. பிற்பாடு பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் என்ற வழக்கப்படி அஞ்சலுக்கு ஒன்று, கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என்று வைத்தார்கள். வலைக்கு வைத்த பெயர் மூன்று டபிள்யூ. தொழில்நுட்பப்படி அது ஒரு தனிப் பெயர். வெறும் பெயரில் ஒரு தளத்தையும் மூன்று டபிள்யூவில் இன்னொரு தளத்தையும் ஒருவர் நடத்தினால் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றே என்று தேடுபொறி தானாக எடுத்துக்கொள்ள முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் வதந்திகள் அதிகம். கூகுளின் அடிப்படையாக 1998இல் பிரினும் பேஜும் முன்வைத்த பேஜ்ராங்க் முறையில், ஒரு பக்கத்தைச் சுட்டும் இணைப்புகள் அதற்குச் சார்பான வாக்குகள். கனடாவிலிருக்கும் ஒரு சங்கம் மூன்று டபிள்யூ முகவரிக்கு இணைப்புக் கொடுக்கிறது, மட்டக்களப்புச் செய்தித்தளம் ஒன்று வெறும் முகவரிக்குக் கொடுக்கிறது, பழைய வலைப்பதிவு ஒன்று எச்டிடிபிக்குக் கொடுக்கிறது. ஒரே வேட்பாளருக்கு மூன்று சின்னங்களில் வாக்கு விழுந்த மாதிரி. பத்தாயிரம் வாக்கு வாங்கும் பெரிய தளத்துக்கு இந்தச் சிதறல் ஒரு பொருட்டில்லை. ஊர்த் தளத்துக்கு வெளியிலிருந்து கிடைப்பதே ஏழெட்டு இணைப்புத்தான்.

ஒரே உள்ளடக்கம் பல முகவரியில் இருந்தால் கூகுள் 'தண்டனை' கொடுக்கும் என்று தளம் விற்பவர்கள் இன்றும் பயமுறுத்துவதுண்டு. சாதாரண இரட்டிப்புக்கு அப்படித் தண்டனை இல்லை என்று கூகுள் 2008இலேயே விளக்கிவிட்டது. நடப்பது வேறு. ஒரே மாதிரியான பக்கங்களைக் கூகுள் ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதில் ஒன்றைத் தலைமை முகவரியாகத் தெரிந்தெடுத்து, மற்றவற்றின் செல்வாக்கை அதன் கணக்கில் வரவு வைக்கிறது. இந்தத் தெரிவு அநேகமாகச் சரியாகவே அமைகிறது. மூன்று டபிள்யூ இருப்பதா இல்லாததா என்ற அளவிலான குழப்பத்தை இன்றைய கூகுள் தானே தீர்த்துவிடும். அந்த மட்டில், தளம் முன்னுக்கு வராததற்கு மூன்று டபிள்யூவைக் குற்றஞ்சாட்டுவது வீண். ஆனால் தெரிவு நம் கையில் இல்லாதபோது, நாம் விளம்பரப்படுத்தாத முகவரி, பழுதான சான்றிதழோடு கூடிய முகவரி, ஹொஸ்டிங் நிறுவனம் தந்த தற்காலிக முகவரி எல்லாம் தலைமையாகிவிடக்கூடும். பிரச்சினை அங்கேதான்.

தேடுபொறிகளும் இந்த விடயத்தில் படிப்படியாகத்தான் தெளிவுக்கு வந்தன. 2009 பெப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசொப்ட் மூன்றும் வழக்கத்துக்கு மாறாக ஒன்றுகூடி 'கனோனிக்கல்' குறியை அறிவித்தன. இந்தப் பக்கத்தின் உண்மையான முகவரி இதுதான் என்று பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதிவைக்கும் ஒரு வரி அது. அது கட்டளை அல்ல, பரிந்துரை மட்டுமே. மற்ற அடையாளங்கள் எதிர்த்திசையில் காட்டினால் கூகுள் அதை மதிக்காமலும் போகலாம். 2010இல் கடைசிச் சாய்கோடு பற்றிக் கேட்டவர்களுக்கு, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னது. 2014 ஓகஸ்டில் எச்டிடிபிஎஸ் தரவரிசைக்கான ஒரு சிறு அடையாளம் என்று அறிவித்தது. முகவரி வடிவங்களில் தரவரிசையை நேரடியாகத் தொடுவது இது ஒன்றுதான், அதுவும் மெல்லியதாக. அப்போது எச்டிடிபிஎஸுக்கு வேண்டிய சான்றிதழுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. 2018 ஜூலையில் குரோம் உலாவி எச்டிடிபி தளங்கள் எல்லாவற்றிலும் 'பாதுகாப்பற்றது' என்று எழுதத் தொடங்கியது. காணிக்கை விபரம் போட்ட கோயில் தளத்தின் மேல் அந்தச் சொல் நின்றால் யார் காசு அனுப்புவார்?

முன்பு கூகுளின் தள நிர்வாகக் கருவியில் மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்று தெரிவுசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அந்தத் தெரிவைச் செய்யும் வழிகள் தளத்துக்குள்ளேயே இருக்கின்றன: 301 என்ற நிரந்தர வழிமாற்று, கனோனிக்கல் குறி, தளவரைபடக் கோப்பு, தளத்துக்குள் நாமே போடும் இணைப்புகள். நான்கும் ஒரே முகவரியைச் சொல்ல வேண்டும். வழிமாற்றினால் செல்வாக்கில் ஒரு பகுதி கசிந்துவிடும் என்ற பழைய அச்சத்தையும் 2016இல் கூகுள் தரப்பினரே தீர்த்துவைத்தார்கள். முந்நூறு வரிசை வழிமாற்றுகளால் பேஜ்ராங்க் குறைவதில்லை. வேர்ட்பிரஸ் பாவிப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2007இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே அது அமைப்பில் எழுதிய முகவரிக்கு மூன்று டபிள்யூ, சாய்கோடு போன்ற மாறுபாடுகளைத் தானாகத் திருப்பிவிடுகிறது. அமைப்பில் சரியாக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூம்லாவை அப்படியே நிறுவினால் முகவரியின் நடுவில் இன்டெக்ஸ் டொட் பிஎச்பி உட்கார்ந்துவிடும். நம் அரச தளங்கள் பலவற்றில் அதைக் காணலாம்.

மூன்று டபிள்யூ வைப்பதா விடுவதா? தரவரிசையில் இரண்டும் சமம். பெரிய நிறுவனங்கள் அதை வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. டிஎன்எஸ் விதிப்படி வெறும் டொமைன் பெயருக்குச் சிநேம் என்ற மாற்றுப்பெயர்ப் பதிவு வைக்க முடியாது, மூன்று டபிள்யூவுக்கு வைக்கலாம். உலகெங்கும் சேவையகம் பரப்பியவர்களுக்கு அது வசதி. வெறும் பெயரில் வைத்த குக்கிகள் துணை டொமைன்களுக்கும் பரவிப்போகக்கூடிய தொல்லையும் அதனால் குறைகிறது. ஊர்த் தளத்துக்கு இவை இரண்டும் கவலையில்லை. என் தெரிவு வெறும் பெயர்தான். சுவரொட்டியில் இடம் மிஞ்சும், தொலைபேசியில் சொல்லும்போது வாய் நோகாது. குரோம் 2018இல் முகவரிப் பட்டையில் மூன்று டபிள்யூவை மறைத்து, எதிர்ப்பு வந்ததும் திருப்பிக் காட்டி, அடுத்த வருடம் மறுபடி மறைத்தது. ஆனால் ஏற்கெனவே பத்து வருடமாக மூன்று டபிள்யூவோடு ஓடிய தளத்தை ரசனைக்காக மாற்றப் போகாதீர்கள்.

முகவரி சிதறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வலைப்பதிவர்கள் ஒருமுறை நேரிலேயே கண்டார்கள். 2012 தொடக்கத்தில் கூகுளின் புளொக்கர் சேவை, வாசகர் இருக்கும் நாட்டுக்கேற்ப முகவரியின் வாலை மாற்றத் தொடங்கியது. புளொக்ஸ்பொட் டொட் கொம் இந்தியாவில் திறந்தால் டொட் இன், கனடாவில் சிஏ, ஜேர்மனியில் டிஈ. நாட்டுக்கு நாடு சட்டப்படி பதிவுகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பல நாடுகளில் சிதறியிருந்த ஈழத்தமிழ் வாசகருக்கு இது நன்றாகவே உறைத்தது. ஒரே பதிவை நோர்வேயிலிருந்து ஒருவர் ஒரு முகவரியில் பகிர்வார், சென்னையிலிருந்து இன்னொருவர் வேறு முகவரியில் பகிர்வார். தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் வாக்குப்பட்டை ஒரு முகவரியைப் பதிந்து வைத்திருக்க, வாசகர் வேறொன்றில் வந்து நிற்பார். நாட்டு வழிமாற்றைத் தவிர்க்கும் நிரலைத் தேடித் தேடி வலைப்பதிவர்கள் வார்ப்புருவில் ஒட்டினார்கள். கூகுள் தன் பக்கங்களில் டொட் கொம்தான் தலைமை என்று கனோனிக்கல் குறி போட்டிருந்ததால் தேடலில் பெரிய சேதம் வரவில்லை. குறியைக் கவனிக்காத மற்ற எல்லா இடங்களிலும், அதாவது திரட்டி, முகநூல் எண்ணிக்கை, பின்னூட்டப் பெட்டி என்று எல்லாவற்றிலும், கணக்கு உடைந்தது. 2018இல் இந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். கனோனிக்கல் குறியின் பலமும் அதன் எல்லையும் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிந்ததில்லை.

இதுவரை சொன்னது எந்த மொழித் தளத்துக்கும் பொருந்தும். தமிழ்த் தளத்துக்கு உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தரவரிசை நூல்கள் பெரும்பாலும் அதைப் பேசுவதில்லை.

முகவரிப் பாதையில் தமிழ் எழுத்தை வைக்கலாம். கூகுள் அதை நன்றாகவே வாசிக்கும். ஆனால் வலையின் பழைய விதி முகவரியில் இலத்தீன் எழுத்தையும் இலக்கங்களையும் சில குறிகளையும்தான் அனுமதிக்கிறது. மற்றவை விழுக்காட்டுக் குறியோடு கூடிய எண்களாக உருமாறும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் ஒன்பது இடம் வேண்டும். அமிர்தகழி என்ற பெயரில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்த்து ஒன்பது குறியீடுகள், ஆக 81 இடம். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு 200 இடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. 'மாமாங்கேஸ்வரர் ஆலயம் அமிர்தகழி' என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைத்தால் 254 இடம் தேவை. ஆகவே முகவரி 'மாமாங்கேஸ்வரர்-ஆலயம்-அமி' என்பதோடு அறுந்து நிற்கும். ஊரின் பெயர் பாதியில் போய்விட்டது. அதே தொடக்கத்தோடு இன்னொரு பக்கம் எழுதினால் பின்னால் இரண்டு என்ற எண் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் செய்தித்தளங்களின் முகவரிகள் சொல்லின் நடுவில் முறிந்து கிடப்பதன் இரகசியம் இதுதான்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. அமிர்தகழியில் ஸ்ரீ சித்தி விநாயகர் வித்தியாலயம் இருக்கிறது, ஆலயத்தின் பெயருக்கு முன்னாலும் ஸ்ரீ போடுவது வழக்கம். கணினியில் இந்த ஸ்ரீயை இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்று ஸகரத்தில் தொடங்குவது. மற்றது 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே வடிவம், கணினிக்கு வேறு வேறு. ஒருவரின் விசைப்பலகை ஒன்றைத் தரும், மற்றவரின் கைத்தொலைபேசி மற்றதைத் தரும். ஒகர ஓகார உயிர்மெய்களையும் இப்படி ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறியாகவும் எழுதலாம். அந்த இரட்டையை யூனிகோடின் ஒருங்கமைப்பு விதி சேர்த்துவிடும். ஸ்ரீயை அது சேர்க்காது. ஒரே பெயரில் இரண்டு முகவரி உருவாகி, ஒன்றைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வரும்போது, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் தெரியாது. தமிழ் முகவரி வைப்போர் இந்த எழுத்தைப் பாதையில் தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால் இலத்தீன் எழுத்துக்குப் போகலாமா? அங்கே வேறு குழி. அமிர்தகழியின் 'ழி'யை எல்ஐ என்றும், எல்ஒய் என்றும், இசட்எச்ஐ என்றும் எழுதுகிறார்கள். நடுவிலுள்ள ககரத்துக்குக் கேயும் உண்டு, ஜீயும் உண்டு. அரச ஆவணத்தில் ஒன்று, பெயர்ப்பலகையில் ஒன்று, முகநூல் பக்கத்தில் ஒன்று. தேடுபவர் எப்படி எழுதினாலும் கூகுள் ஓரளவு ஊகித்துக்கொள்ளும். தளம் நடத்துபவர் மூன்று எழுத்துக்கூட்டலிலும் மூன்று பக்கம் எழுதினால்தான் கெடுதி. தமிழ் விக்கிப்பீடியா இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: கட்டுரை ஒரு தலைப்பில்தான் இருக்கும், மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் அதற்கு வழிமாற்றுப் பக்கங்கள். நகலெடுத்து ஒட்டினால் முகவரி எண் குப்பையாக நீளும் தொல்லைக்கும் அங்கே குறுமுகவரி ஏற்பாடு செய்தார்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் வழி இன்னும் உறுதியானது. ஈழத்து நூல் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு நூலக எண். பீடிஎப் கோப்பின் முகவரி அந்த எண்ணால் ஆனது. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' போன்ற ஒரு நூலின் தலைப்பை நாளைக்கு எப்படித் திருத்தி எழுதினாலும் எண் அசையாது. முகவரிகள் மாறக்கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பேர்ணர்ஸ்-லீ 1998இலேயே வாதாடினார். நம் மொழியில் அதைக் கடைப்பிடித்தவர்கள் தன்னார்வலர்கள்.

டொமைன் பெயரை முழுக்கத் தமிழிலேயே வைக்கும் வசதி 2010இல் வந்தது. டொட் எல்கேயோடு, டொட் இலங்கை என்பதும் சிங்களத்தில் அதன் இணையும் இலங்கைக்குக் கிடைத்தன. இரண்டு மொழி எழுத்தில் நாட்டுப் பெயர் பெற்ற முதல் சில நாடுகளில் நம்முடையதும் ஒன்று. பிறகு இந்தியாவும் சிங்கப்பூரும் தமிழ் எழுத்தில் தமக்கான முடிவைப் பெற்றன. தமிழ் டொமைன் உள்ளே பியூனிகோட் என்ற இலத்தீன் உருவத்தில்தான் ஓடுகிறது. இரண்டையும் ஒன்றாகவே கருதுவதாகக் கூகுள் 2015இல் சொல்லியிருக்கிறது, ஆகவே தேடலில் நட்டமில்லை. நட்டம் பாவனையில். சில செயலிகள் தமிழ் முகவரியை இணைப்பாகவே அடையாளம் காண்பதில்லை, மின்னஞ்சல் படிவங்கள் பல அதை ஏற்பதில்லை. தமிழ்ப் பெயரை வாங்கி எல்கே முகவரிக்கு வழிமாற்றி வைப்பதே இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது. எல்கே முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அது இலங்கை வாசகருக்கான தளம் என்பதற்குக் கூகுள் எடுத்துக்கொள்ளும் வலுவான அடையாளம். வாசகர் பாதி வெளிநாட்டில் என்றால் அதை யோசித்தே வாங்க வேண்டும். கோயிலுக்கு எல்கே பொருந்தும் என்றே நினைக்கிறேன். தேடுபவர் எங்கே இருந்தாலும் ஊரின் பெயரைப் போட்டுத்தான் தேடுவார், அந்தப் பெயரில் கடலுக்கு அப்பால் போட்டியும் குறைவு.

மும்மொழித் தளங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே முகவரியில் மொழியை மட்டும் குக்கி வைத்து மாற்றுவார்கள். கூகுளின் தேடு நிரல் குக்கியைச் சேமித்துக்கொண்டு வராது, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அதற்குத் தெரிவது அநேகமாக ஆங்கிலப் பக்கம் மட்டுமே. தமிழ்ப் பக்கம் எழுதப்பட்டும் இல்லாததாகிவிடுகிறது. மொழிக்கு ஒரு முகவரி, ஒவ்வொன்றும் தன்னையே தலைமையாகச் சுட்டும் கனோனிக்கல் குறி, 2011இல் கூகுள் கொண்டுவந்த எச்ரெப்லாங் குறியால் மூன்றையும் ஒன்றுக்கொன்று இணைப்பது: இதுதான் முறை. தமிழ்ப் பக்கத்தின் கனோனிக்கல் குறி ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், நம் கையாலேயே தமிழை அழித்த மாதிரி.

முகநூலில் பகிரும் இணைப்புகளுக்கு 2018 முதல் நீளமான ஒரு வால் ஒட்டி வருகிறது. வட்ஸ்அப்பில் அதை அப்படியே பரப்புகிறார்கள். ஒரே பக்கத்துக்கு இன்னும் பல முகவரி என்று இதற்கு அஞ்ச வேண்டாம், கனோனிக்கல் குறி இருந்தால் போதும்.

திருவிழாப் பக்கத்துக்கு வருவோம். வருடாவருடம் 'தீர்த்தம் 2023', 'தீர்த்தம் 2024' என்று புதுப் பக்கம் திறப்பது நம் வழக்கம். போன வருடம் வெளிநாட்டுச் சங்கங்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் போன வருடப் பக்கத்தோடு கிடந்து காய்ந்துவிடும். புதுப் பக்கம் வெறுங்கையோடு தொடங்கும், கூகுள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் தீர்த்தம் முடிந்துவிடும். ஆண்டு போடாத ஒரே முகவரியில் திருவிழாப் பக்கத்தை வைத்து, உள்ளே திகதியை மட்டும் மாற்றி, பழைய வருடத்தின் படங்களை அதற்குக் கீழே தனிப் பக்கமாகச் சேமித்தால், ஒவ்வொரு வருடத்துச் செல்வாக்கும் அடுத்த வருடத்தில் சேரும். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றிலும் ஒரு கோயில் தளத்துக்கு அதிகப் பலன் தரக்கூடியது இதுதான் என்பது என் கணிப்பு. மூன்று டபிள்யூ விவாதத்துக்குச் செலவழிக்கும் நேரத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

இவ்வளவும் செய்தபிறகும் தளம் காணாமல் போக ஒரு வழி உண்டு, கிழக்கில் அதுவும் நடக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் ஊரவர் ஒருவர் ஆர்வத்தில் தன் பெயரில் டொமைன் வாங்கிக் கொடுப்பார். சில வருடத்தில் அவருடைய வங்கி அட்டை காலாவதியாகும், நினைவூட்டல் பழைய மின்னஞ்சலுக்குப் போகும், பெயர் சந்தைக்கு வந்துவிடும். புதிதாக வாங்குபவர் சூதாட்டத் தளம் நடத்துபவராக இருப்பது அதிசயமில்லை. ஊர் பத்து வருடம் சேர்த்த இணைப்புகளெல்லாம் அவருக்கு இலவசம். சங்கம் வேறு பெயர் வாங்கினாலும் பழைய பெயர் கையில் இல்லாததால் வழிமாற்றுக்கூடப் போட முடியாது. ஆகவே தளம் வைத்திருக்கும் நிர்வாகசபைகளிடம் ஒரு வேண்டுகோள். டொமைனைத் தனி ஆளின் பெயரில் விடாமல் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள், நிர்வாகம் மாறும்போது கடவுச்சொல்லையும் கணக்குப் புத்தகத்தோடு கையளியுங்கள். முகவரியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதைக் குறைந்தது ஒரு வருடமாவது வழிமாற்றில் வைக்கும்படி கூகுள் சொல்கிறது. உங்களால் கட்டணம் கட்ட முடிகிற வரைக்கும் வையுங்கள்.